பதின்மூன்றாம் படகில் ஒரு சிறுமி: வாசகர் கேள்வி – பதில்

டைட்டானிக் கப்பலில் இருந்து உயிர் தப்பிய குழந்தைகளைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கான பதில் மற்றவற்றைவிட நீண்டுவிட்டது. அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஐயா, டைட்டானிக் விபத்தில் தப்பிய ஒரு சிறுமி நம் நாட்டில், குண்டூரில் பிறந்தவள் என்று எங்கோ படித்தேன். இது உண்மைதானா? அவள் யார், எப்படிப் பிழைத்தாள் என்று விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: உண்மைதான். அச்சிறுமியின் பெயர் ரூத் பெக்கர். 1899ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் குண்டூரில் பிறந்தவர். இன்று ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஆலன் பெக்கர் அமெரிக்காவின் லூத்தரன் திருச்சபை அனுப்பிய மிஷனரியாக அங்கே பணியாற்றினார். தாயின் பெயர் நெல்லி. ரூத்துக்குப் பின் பிறந்த லூத்தர் என்னும் ஆண் குழந்தையை அந்தத் தாய் இந்திய மண்ணிலேயே பறிகொடுத்திருந்தார். அதற்குப் பிறகு மேரியன் என்ற பெண்ணும் ரிச்சர்ட் என்ற ஆணும் பிறந்தார்கள்.

1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைக்குழந்தை ரிச்சர்ட் நோயுற்றான். இந்தியாவிலேயே இருந்தால் அவன் பிழைப்பது கடினம் என்று மருத்துவர்கள் கூறவே, ஏற்கெனவே ஒரு மகனை இழந்த நெல்லி மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் புறப்பட்டார். கணவர் பின்னர் வந்து சேர்வதாக ஏற்பாடு. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு கப்பல், அங்கே சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இன்னொரு கப்பல். அந்த இரண்டாவது கப்பல்தான் டைட்டானிக். ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே மேற்கொண்ட பயணம் இது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப் போகிறது.

இரண்டாம் வகுப்புப் பயணிகளாக அவர்கள் ஏறினார்கள். கப்பலில் எல்லாமே புத்தம் புதியவை என்பது பன்னிரண்டு வயதுச் சிறுமியைப் பெரிதும் கவர்ந்தது. தட்டுகளும் விரிப்புகளும்கூட அதுவரை யாரும் தொடாதவை. தம்பியைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து மேல்தளத்தில் தள்ளிக்கொண்டு நடந்ததை அவர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். தாய்க்கோ முதல் முறையாகக் கடலில் இறங்கிய புதுக் கப்பல் என்பதாலேயே உள்ளூர ஓர் அச்சம் இருந்தது.

ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11 மணி 40 நிமிடத்துக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. நெல்லியை எழுப்பியது மோதலின் ஓசையன்று, நிசப்தம். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென்று நின்றுபோனதால்தான் அவர் கண்விழித்தார். வெளியே சென்று விசாரித்தபோது, ஒன்றும் இல்லை, சற்று நேரத்தில் கிளம்பிவிடுவோம் என்று ஒரு பணியாளர் சொல்லி அனுப்பினார். மனம் ஆறாமல் மீண்டும் கேட்டபோது வேறொரு பணியாளர், உயிர்காப்பு அங்கிகளை அணிந்துகொண்டு மேலே வாருங்கள் என்றார். உடை மாற்ற நேரம் இருக்கிறதா என்று நெல்லி கேட்டதற்கு, எதற்குமே நேரம் இல்லை அம்மா என்று அவர் பதிலளித்தார். குழந்தைகளின் இரவு உடைக்கு மேலேயே மேலங்கிகளை மாட்டிவிட்டுத் தாய் புறப்பட்டார்.

மேலே போன பிறகுதான் குளிரின் கொடுமை தெரிந்தது. அறைக்குப் போய்ப் போர்வைகளை எடுத்துவா என்று தாய் மூத்த மகளை அனுப்பினார். மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலின் படிகளில் பன்னிரண்டு வயதுச் சிறுமி தனியாகக் கீழே இறங்கி, ஆளரவமற்ற நடைகளைக் கடந்து அறைக்குப் போய்ப் போர்வைகளை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த நேரத்தில் கப்பல் மூழ்கும் என்று பெரும்பாலோர் நம்பவில்லை என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சில நிமிடங்களை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. அந்தப் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு வேலை காத்திருந்தது.

பதினோராம் எண் படகு இறக்கப்படும்போது ஒரு மாலுமி மேரியனையும் ரிச்சர்டையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, படகு நிறைந்துவிட்டது என்று கையை உயர்த்தினார். நான்கு வயதுக் குழந்தையும் இரண்டு வயது நிரம்பாத நோயுற்ற குழந்தையும் தாயின்றிக் கடலில் இறங்கப் போவதைக் கண்ட நெல்லி கதறவே, அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். ரூத் மட்டும் தளத்திலேயே நின்றாள். அடுத்த படகில் ஏறிக்கொள் என்று தாய் கூவியது மட்டும் அவள் காதில் விழுந்தது. அவள் அழவுமில்லை, ஓடவுமில்லை. பதின்மூன்றாம் எண் படகின் அருகில் நின்ற அதிகாரியிடம் போய், இதில் நான் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். தாராளமாக என்று சொல்லி அவர் அவளைத் தூக்கி உள்ளே விட்டார். அவள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்ற எண்ணம் எனக்கு இன்றும் நடுக்கம் தருகிறது.

படகு கீழே இறங்கிய பிறகும் ஆபத்து நீங்கவில்லை. கப்பலின் பக்கவாட்டிலிருந்து பீறிட்டு வெளியேறிக்கொண்டிருந்த நீர், பதின்மூன்றாம் படகைத் தள்ளிச் சென்று, மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பதினைந்தாம் படகுக்கு நேர் கீழே நிறுத்தியது. நிறுத்துங்கள் என்று கீழே இருந்தவர்கள் போட்ட கூச்சல் மேலே எட்டவில்லை. பதினைந்தாம் படகின் அடிப்பாகம் கையால் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்ட கடைசி நொடிகளில், படகைக் கப்பலோடு பிணைத்திருந்த கயிறுகளைச் சிலர் கத்தியால் அறுத்தெறியவே அது நகர்ந்தது.

அந்தப் படகில் துடுப்புப் போட்டவர்களில் சிலர், கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளர்கள். உலையின் வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில்லாத மெல்லிய சட்டையோடு அப்படியே மேலே ஓடிவந்தவர்கள். உறையும் குளிரில் அவர்கள் நடுங்குவதைக் கண்ட ரூத், தான் கொண்டுவந்த போர்வைகளைக் கொடுத்தாள். அவற்றைக் கிழித்துப் பலருக்கும் பகிர்ந்தார்கள். விரல் நசுங்கிய ஒருவருக்குத் தன் கைக்குட்டையால் கட்டுப் போட்டாள். தன் கைக்குழந்தை வேறொரு படகில் போய்விட்டது என்று ஆங்கிலம் அறியாத ஒரு தாய் தேம்பிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரையேறியதும் குழந்தையைத் தேடித் தருவதாக ஆறுதல் சொன்னவளும் இந்தச் சிறுமிதான். அவளுடைய தாயும் அப்போது வேறொரு படகில்தான் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

விடியும் வேளையில் கார்ப்பாத்தியா என்னும் கப்பல் வந்து சேர்ந்தது. கைகள் மரத்துப்போய்க் கயிற்றைப் பற்ற முடியாத நிலையில், ரூத்தை ஊஞ்சல் போன்ற இருக்கையில் வைத்து மேலே இழுத்தார்கள். உண்ணவோ பருகவோ மனமில்லாமல் தளத்திலேயே நின்று தாயைத் தேடினாள். மணிக்கணக்காக ஒருவரும் கண்ணில் படவில்லை. பிறகு முகமறியாத ஒரு பெண்மணி வந்து, நீதான் ரூத் பெக்கரா, உன் அம்மா உன்னை எங்கெல்லாமோ தேடிக்கொண்டிருக்கிறாரே என்று சொல்லி அழைத்துப் போனார். தாயும் மூன்று குழந்தைகளும் ஒன்று சேர்ந்தார்கள். படகில் அழுத அந்தத் தாய்க்கும் குழந்தை கிடைத்தது. ஏப்ரல் 18ஆம் நாள் இரவு கார்ப்பாத்தியா நியூயார்க்கை அடைந்தது.

கேள்வி: பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற விதி அந்தக் கப்பலில் பின்பற்றப்பட்டது என்கிறார்கள். அப்படியானால் குழந்தைகள் எல்லோருமே தப்பினார்களா?

பதில்: இல்லை. இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த 24 குழந்தைகளும் பிழைத்தார்கள் என்று பிரிட்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை கூறுகிறது. அதே அறிக்கையின்படி மூன்றாம் வகுப்பில் இருந்த குழந்தைகள் 79 பேர். அவர்களில் பிழைத்தவர்கள் 27 பேர் மட்டுமே. படகுகள் இருந்த மேல்தளத்துக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து வரும் வழி நீண்டதும் சிக்கலானதுமாகும். பலருக்கு ஆங்கில அறிவிப்புகள் புரியவில்லை. குடும்பத்தை விட்டுப் பிரிய மறுத்தவர்களும் உண்டு. காரணங்களை இப்படி அடுக்கினாலும், ஒரு குழந்தை எந்த வகுப்புச் சீட்டில் ஏறியது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது என்ற உண்மை மாறவில்லை.

கேள்வி: ரூத் பெக்கர் அம்மையாரின் பிற்கால வாழ்க்கை எப்படி அமைந்தது? அவர் பல ஆண்டுகள் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: ஒஹாயோ மாநிலத்தில் கல்லூரிப் படிப்பை முடித்து, கான்சாஸ் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். உடன் படித்த டேனியல் பிளாஞ்சார்ட் என்பவரை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தாயானார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மணவாழ்க்கை முறிந்தது. மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பினார். ஓய்வு பெற்றபின் கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவில் குடியேறினார். இத்தனை ஆண்டுகளிலும், தம் குழந்தைகள் சிறியவர்களாக இருந்த காலத்தில், தாம் டைட்டானிக்கில் இருந்தவர் என்பதை அவர் அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. முதுமையில்தான் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினார். பேசத் தொடங்கிய பின் எதையும் மிகைப்படுத்தாமல், ஓர் ஆசிரியைக்கே உரிய தெளிவோடு பேசினார். டைட்டானிக் வரலாற்று ஆர்வலர்களின் கூட்டங்களுக்கும் எண்பதுகளில் சென்றுவந்தார்.

ஏன் இந்த மௌனம் என்ற கேள்விக்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. அவருடைய தாய் நெல்லி அந்த இரவைப் பற்றிப் பேச முற்பட்டாலே அழுதுவிடுவாராம். தாயின் கண்ணீரைப் பார்த்து வளர்ந்த பெண், அதைக் கிளறாமல் இருப்பதே அன்பு என்று கற்றுக்கொண்டிருப்பார் என்றே நான் எண்ணுகிறேன். மற்றொன்றும் உண்டு. படகுகள் விலகிச் சென்ற பின் தண்ணீரில் தத்தளித்தவர்கள் எழுப்பிய ஓலத்தைக் கேட்டவர்கள், அதை வருணிக்கச் சொற்கள் இல்லை என்றே சொன்னார்கள். கப்பலில் இருந்த சுமார் 2,200 பேரில் ஏறத்தாழ 1,500 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் நீரில் மூழ்கி இறப்பதற்கு முன்பே, உறைநிலைக்கும் கீழே இருந்த கடலின் குளிரில் விறைத்து இறந்தவர்கள். அந்த ஓசை அடங்கும் வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைகளின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே பிராங்க் கோல்ட்ஸ்மித் என்பவரைக் குறிப்பிட வேண்டும். ஒன்பது வயதில் தாயுடன் தப்பியவர். தந்தை கப்பலிலேயே நின்றுவிட்டார். பிறகு பார்க்கலாம் என்று தந்தை சொல்லி விடைகொடுத்ததை நம்பி, அவர் வேறு ஏதோ ஒரு கப்பலால் காப்பாற்றப்பட்டிருப்பார் என்று நெடுங்காலம் காத்திருந்தார் அந்தச் சிறுவர். தாயும் மகனும் டெட்ராய்ட் நகரில் குடியேறிய வீடு, ஒரு பேஸ்பால் விளையாட்டரங்கத்துக்கு அருகில் இருந்தது. ஆட்டக்காரர் பந்தை ஓங்கி அடிக்கும்போது ஆயிரக்கணக்கானோர் ஒருசேர எழுப்பும் ஆரவாரம், காற்றில் மிதந்து அவர் வீட்டுக்குள் வரும். மற்றவர்களுக்கு அது மகிழ்ச்சியின் ஒலி. அவருக்கோ தண்ணீரில் தவித்தவர்களின் ஓலம். பிற்காலத்தில் தம் பிள்ளைகளை ஒருமுறைகூட அந்த ஆட்டத்துக்கு அவர் அழைத்துச் சென்றதில்லை.

எல்லாரும் மௌனத்தைத் தேர்ந்துகொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஏழு வயதில் தந்தையை இழந்து தப்பிய ஈவா ஹார்ட் வாழ்நாள் முழுவதும் உரக்கப் பேசியவர். சிறுவயதிலிருந்தே அவரைத் துரத்திய கொடுங்கனவுகள் இருபது வயதைக் கடந்தும் விடவில்லை. 1928ஆம் ஆண்டு தாய் இறந்த பிறகு, எந்தக் கடல் தம்மை அச்சுறுத்தியதோ அதே கடலில் ஒரு நீண்ட பயணத்தை மேற்கொண்டு, கப்பலின் அறைக்குள் தம்மைத்தாமே பூட்டிக்கொண்டு, அச்சம் தணியும் வரை சில நாட்கள் வெளியே வராமல் இருந்தார். பின்னாளில் பாடகியாகவும், நீதிபதிப் பொறுப்பு வகித்த பொதுவாழ்வினராகவும் விளங்கிய அவர், மேடை கிடைத்த இடத்திலெல்லாம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: எல்லோருக்கும் போதுமான படகுகள் இருந்திருந்தால் எவரும் இறந்திருக்க வேண்டியதில்லை. கப்பலில் இருந்தவை 20 படகுகள். அவற்றில் 1,178 பேருக்கு மட்டுமே இடம். இத்தனைக்கும் அன்றைய பிரிட்டன் சட்டம் கேட்ட எண்ணிக்கையைவிட அது அதிகம். பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எதுவாயினும் 16 படகுகள் போதும் என்றிருந்த பழைய விதி, நாற்பத்தாறாயிரம் டன் கப்பல் கட்டப்பட்ட பிறகும் திருத்தப்படாமலே கிடந்தது. ஈவாவின் கோபம் பனிப்பாறையின் மேல் அல்ல, இந்த அலட்சியத்தின் மேல்தான். அந்தக் கோபத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

கேள்வி: சிறு வயதில் கண்டதை முதுமையில் சொன்னால் அதை எப்படி நம்புவது? குழந்தைகளின் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது?

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் டைட்டானிக்கைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பதில் கடலடியிலேயே கிடைத்துவிட்டது.

கப்பல் மூழ்குமுன் இரண்டாக உடைந்தது என்று ரூத், தப்பிய சில காலத்திலேயே எழுதினார். ஈவா ஹார்ட்டும் அதையே வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். பெரியவர்களில் பலர் இதை மறுத்தார்கள். கப்பலின் அதிகாரிகளில் உயிர் தப்பிய மூத்தவரான இரண்டாம் நிலை அதிகாரி லைட்டோலர், கப்பல் முழுமையாகவே மூழ்கியது என்று சாட்சியம் அளித்தார். ரூத் இருந்த அதே பதின்மூன்றாம் படகில் லாரன்ஸ் பீஸ்லி என்னும் அறிவியல் ஆசிரியரும் இருந்தார். கற்றறிந்தவர், நிதானமாகக் கவனிக்கக் கூடியவர். அதே ஆண்டில் அவர் எழுதிய நூலில், கப்பல் உடைந்ததாகப் பத்திரிகைகள் வரைந்து காட்டியது போல எதுவும் நிகழவில்லை என்று உறுதியாக எழுதினார். ஒரே படகு, ஒரே இரவு, ஒரே திசை. ஆசிரியர் கண்டது ஒன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமி கண்டது மற்றொன்று. மெர்சி பிரபு தலைமையில் நடந்த பிரிட்டன் விசாரணை, கப்பல் உடையவில்லை என்ற முடிவுக்கே வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே பெரும்பாலோர் ஏற்ற வரலாறாக நிலைத்தது.

1985ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், அமெரிக்கரான ராபர்ட் பல்லார்டும் பிரெஞ்சுக்காரரான ழான் லூயி மிஷேலும் தலைமையேற்ற குழு, சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தது. முன்பகுதி ஓரிடத்திலும் பின்பகுதி ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளி வேறோரிடத்திலும் கிடந்தன. அப்போது ரூத்துக்கு வயது 85, ஈவாவுக்கு 80.

குழந்தைகளின் நினைவு எப்போதும் பிழையற்றது என்று இதைக் கொண்டு நான் வாதிடவில்லை. வயது ஏற ஏற நினைவோடு கேட்டவையும் படித்தவையும் கலந்துவிடும் என்பது தெரிந்ததே. ஆனால் இங்கே நடந்தது வேறு. பீஸ்லியைப் பொய்யர் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. விளக்குகள் அணைந்த பின் இருட்டில், தொலைவில் நிகழ்ந்த ஒன்றை அவர் தாம் கண்டவாறே எழுதியிருப்பார். என் வருத்தமெல்லாம், இரு தரப்புச் சாட்சியங்களும் கையில் இருந்தபோது, எடை போட்டுப் பார்த்தவர்கள் சொல்லப்பட்டதைவிடச் சொன்னவரின் தகுதியைப் பெரிதாகக் கொண்டார்கள் என்பதுதான்.

கேள்வி: தப்பியவர்களில் மிக இளைய குழந்தை யார்? நினைவே இல்லாத ஒரு நிகழ்ச்சி ஒருவருடைய வாழ்க்கையை எப்படிப் பாதிக்க முடியும்?

பதில்: மில்வினா டீன். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பிறந்தவர். கப்பல் மூழ்கியபோது வயது இரண்டு மாதம் சில நாட்கள். இங்கிலாந்தை விட்டுக் கான்சாஸ் மாநிலத்தில் குடியேறிப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கையோடு பெற்றோர், அண்ணன், இந்தப் பச்சிளங்குழந்தை என நால்வரும் மூன்றாம் வகுப்பில் ஏறியிருந்தார்கள். முதலில் வேறொரு கப்பலில்தான் போக இருந்தார்கள். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பயணம் டைட்டானிக்குக்கு மாற்றப்பட்டது. தந்தை இறந்துபோனார். தாயும் இரு குழந்தைகளும் பிழைத்தார்கள். கணவரும் உடைமையும் இல்லாமல் அந்நிய நாட்டில் என்ன செய்வதென்று அறியாத அந்த இளம் தாய், அட்ரியாட்டிக் என்னும் கப்பலில் இங்கிலாந்துக்கே திரும்பினார். அந்தக் கப்பலில் பயணிகள் குழந்தை மில்வினாவைத் தூக்கிக்கொள்ளப் போட்டி போட்டதால், ஒருவர் பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி உத்தரவிட நேர்ந்ததாக அன்றைய செய்தித்தாள் ஒன்று எழுதியது.

தாம் டைட்டானிக்கில் இருந்தவர் என்பது அவருக்கு எட்டு வயதில்தான் தெரியவந்தது. தாய் மறுமணம் செய்துகொள்ள இருந்த சமயத்தில் அதைச் சொன்னார். நினைவு இல்லை என்பது உண்மை. ஆனால் இழப்பு இருந்தது. தந்தையின் முகம் அறியாத பெண்ணாக வளர்ந்தார். அமெரிக்காவில் அமைந்திருக்க வேண்டிய வாழ்க்கை சவுத்தாம்ப்டனில் அமைந்தது. டைட்டானிக் பற்றிய ஒரு திரைப்படத்தைப் பார்த்தபின் தந்தையைப் பற்றிய கொடுங்கனவுகள் வரவே, அதற்குப்பின் வந்த படங்களைப் பார்க்க மறுத்துவிட்டார். எழுபது வயதைக் கடந்த பிறகு, கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டதை ஒட்டி, உலகம் அவரைத் தேடி வந்தது. 2008ஆம் ஆண்டு, முதியோர் இல்லத்தின் கட்டணத்தைச் செலுத்துவதற்காகத் தம் குடும்பத்தின் டைட்டானிக் நினைவுப் பொருள்களை அவர் ஏலத்தில் விற்க நேர்ந்தது. நியூயார்க் மக்கள் அன்று அந்தக் குடும்பத்துக்குத் துணிமணிகள் நிரப்பிக் கொடுத்த பெட்டியும் அவற்றுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், 97ஆம் வயதில் காலமானார். தப்பியவர்களில் கடைசியாக மறைந்தவரும் அவரே.

கேள்வி: பெற்றோர் இன்றிக் கரையேறிய இரு சகோதரர்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள்.

பதில்: மூன்று வயது மிஷேல், இரண்டு வயது எட்மண்ட். பிரான்சின் நீஸ் நகரில் தையற்கலைஞராக இருந்த தந்தை நவ்ராத்தில், மனைவியைப் பிரிந்திருந்த நிலையில், ஹாஃப்மன் என்ற பொய்ப் பெயரில் குழந்தைகளைத் தாய்க்குத் தெரியாமல் அழைத்துச் சென்றார். குழந்தைகளைப் படகில் ஏற்றிவிட்டுத் தாம் இறந்துபோனார். ஆங்கிலம் தெரியாத அந்தப் பிஞ்சுகளின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. உடன் தப்பிய மார்கரெட் ஹேய்ஸ் என்னும் பெண்மணி நியூயார்க்கில் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். செய்தித்தாளில் வெளியான படத்தைப் பார்த்து அடையாளம் கண்ட தாய் கடல் கடந்து வந்து, மே மாதம் 16ஆம் நாள் பிள்ளைகளைத் தழுவிக்கொண்டார். மூத்தவர் மிஷேல் தத்துவப் பேராசிரியரானார். தந்தையின் கல்லறை கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் இருக்கிறது. ஹாஃப்மன் என்ற பெயரை வைத்து யூதர் என்று கருதி, யூதர்களுக்கான இடுகாட்டில் அவரை அடக்கம் செய்திருந்தார்கள். முதன்முறையாக அந்தக் கல்லறையின் முன் மகன் நின்றபோது ஆண்டு 1996. அப்போது அவருக்கு வயது 88.

கேள்வி: ரூத் பெக்கர் மீண்டும் எப்போதாவது கடலில் பயணம் செய்தாரா?

பதில்: எழுபத்தெட்டு ஆண்டுகள் செய்யவில்லை. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம், தொண்ணூறு வயதில், மெக்சிகோவுக்குச் சென்ற ஓர் உல்லாசக் கப்பலில் ஏறினார். டைட்டானிக்குக்குப் பிறகு அவர் கடலில் கால்வைத்த முதல் பயணம் அது. அதே ஆண்டு ஜூலை 6ஆம் நாள் காலமானார். 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், அட்லாண்டிக் கடலில் டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே அவருடைய சாம்பல் தூவப்பட்டது.